ஆமை புகுந்த வீட்டுக் கணக்கு

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் ஏர்க்காட்டிலுள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் மகன் ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினான். எட்டாவது படிக்கிறான். பக்கத்தின் நடுவில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் ‘செலவு’ என்றும் வலப்பக்கம் ‘இருப்பு’ என்றும் எழுதியிருந்தான். செலவுப் பக்கத்தில் மூன்றே வரி. ‘ஆமை 1. தொட்டி: பழைய பிளாஸ்டிக் டப், இருக்கு. கீரை: தோட்டத்தில் இருக்கு.’ இருப்புப் பக்கத்தில் உண்டியல் பணம் ரூ. 2,340.

“நாய்னா சோறு, ஊசி, குரைக்கிற சத்தம். ஆமைக்கு ஒண்ணும் வேணாம் மாமா. அது பாட்டுக்கு இருக்கும்” என்றான்.

நான் முப்பது வருஷம் அடுத்தவர் கணக்கை எழுதிப் பிழைத்தவன். மூன்று வரியில் முடிகிற செலவுக் கணக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. “பேனாவைக் கொடு” என்றேன். உள்ளேயிருந்து என் அம்மாவின் குரல் வந்தது: “ஆமை புகுந்த வூடும் அமீனா புகுந்த வூடும் உருப்படாதுடா கண்ணு.” அவன் அம்மாயி சொல்வதைக் காதில் வாங்கவில்லை. எனக்கும் அப்போது அந்தப் பழமொழியில் கணக்கு எதுவும் தெரியவில்லை.

முதல் வரியாக நான் எழுதியது சூடு.

ஏர்க்காடு கடல் மட்டத்திலிருந்து 1,515 மீட்டர் உயரம். சேலம் 278 மீட்டர். வித்தியாசம் 1,237. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சுமார் ஆறரை டிகிரி குளிரும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் சேலத்துக்கும் ஏர்க்காட்டுக்கும் இடையில் 8 டிகிரி செல்சியஸ். முப்பது கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, 8 டிகிரி. சுற்றுலா வருகிறவர் இந்த எட்டு டிகிரிக்குத்தான் அறை வாடகை கொடுக்கிறார். ஆமை வளர்ப்பவர் அதே எட்டு டிகிரியை எதிர்த்துக் கரண்டு பில் கட்ட வேண்டும்.

பையன் போனில் பார்த்து ஆசைப்பட்டது நட்சத்திர ஆமையை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரியும் அந்த ஆமை நம் சமவெளிப் புதர்க்காட்டுக்கு உரியது. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்தின் வறண்ட பகுதிகள், வடமேற்கே குஜராத், ராஜஸ்தான், பாகிஸ்தானின் சிந்து, தெற்கே இலங்கை என்று அதன் நிலம் முழுக்க முள்ளும் புல்லும் வெயிலும்தான். பகலில் 28 முதல் 32 டிகிரி, வெயில் காய ஓரிடத்தில் 35 டிகிரி, இரவில் 20-க்குக் கீழே இறங்காத சூடு, இவை கிடைத்தால்தான் அது தின்னும், தின்றது செரிக்கும். தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாத பிராணி அது. குளிரில் குடல் நின்றுபோகும், உள்ளே போன கீரை அங்கேயே புளிக்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் மூக்கு ஒழுகும், பிறகு நுரையீரலில் சளி கட்டும். ஐரோப்பிய ஆமைகள் பனிக்காலம் முழுக்க உறங்கிக் கழிக்கும். அவற்றுக்காக எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு நட்சத்திர ஆமையைக் குளிரில் ‘தூங்க’ விட்டால் அது எழுந்திருக்காது.

ஏர்க்காட்டில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 13 டிகிரிக்குப் பக்கம் இறங்கும். ஆண்டு மழை 1,500 மில்லிமீட்டர் அளவில். பெய்யாத நாளிலும் மூடுபனி வந்து துணியைக் காயவிடாது. வீட்டையே முதுகில் சுமந்து திரியும் பிராணிதான் ஆமை. ஊரின் வெயிலை அதனால் சுமந்து வர முடியாது. அதை நாம்தான் கம்பி வழியாகக் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவந்து பார்த்தோம், காகிதத்தில். வெயில் காய 60 வாட் பல்பு, நாளுக்கு 8 மணி நேரம்: 0.48 யூனிட். புற ஊதாக் குழல்விளக்கு 24 வாட், 10 மணி நேரம்: 0.24. இரவுக்கு வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் 100 வாட் பீங்கான் குமிழ், 13 மணி நேரம். தெர்மோஸ்டாட் போட்டால் அதில் பாதி நேரமே எரியும் என்று வைத்தால் 0.65. ஆக நாளொன்றுக்கு 1.37 யூனிட். 365-ஆல் பெருக்கினால் 500. இரண்டு மாதத்துக்கு 83 யூனிட்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு கிலோ எடையுள்ள ஒற்றை ஆமை அதில் 83-ஐத் தின்றுவிடும். பையன் தலையைச் சொறிந்தான். இலவசம் எப்படியும் வீட்டுக்கே தீர்ந்துவிடுவதால் ஆமையின் 500 யூனிட்டும் காசு கொடுத்துத்தான். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ரூ. 2,500. இதே ஆமை சேலத்தில் இருந்தால்? முற்றத்து வெயில் போதும். மார்கழி, தை மாதங்களில் ஒரு 60 இரவு மட்டும் சூட்டுக் குமிழ் போட்டால் 39 யூனிட், ரூ. 195. மீதி ரூ. 2,305-ம் மலை ஏறியதற்கான அபராதம்.

“நம்பிக்கை இல்லைன்னா அளந்து பாரு” என்று சொல்லி, பஜாரில் ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாளின் உச்சத்தையும் தாழ்வையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வகை. விலை ரூ. 350. டிசம்பர் 1 முதல் அறுபது இரவு, அவன் ஆமைத் தொட்டி வைக்க நினைத்திருந்த அதே திண்ணை மூலையில், காலை எழுந்ததும் பார்த்து எழுத வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அடுத்த வரி தீனி. இதில் பையன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆமை உண்மையிலேயே கொஞ்சமாகத்தான் தின்னும். கால்நடை மருத்துவத்தில் ஒரு சூத்திரம் உண்டு. பாலூட்டி ஒன்று அசையாமல் கிடக்க நாளுக்கு எத்தனை கலோரி வேண்டும் என்பதற்கு, உடல் எடையை (கிலோவில்) முக்கால் அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்குவார்கள். ஊர்வனவற்றுக்கு அதே கணக்கில் 70 இருந்த இடத்தில் 10. அதாவது ஒரு கிலோ பூனைக்குட்டிக்கு 70 கலோரி தேவைப்படும்போது ஒரு கிலோ ஆமைக்கு 10 போதும். சின்ன இட்லி ஒன்றில் 40 கலோரி இருக்கும். நாம் காலையில் தட்டில் மிச்சம் வைக்கும் அந்த ஒரு இட்லியின் கணக்கு, படுத்துக் கிடக்கும் ஆமைக்கு நான்கு நாள் பிழைப்பு. (இட்லியைக் கொடுக்கக் கூடாது; மாவுப் பண்டமும் பருப்பும் அதன் வயிற்றுக்கு ஆகாது.)

நடமாட்டத்தையும் சேர்த்து நாளுக்கு 50 கிராம் தழை என்று வைத்தால் ஆண்டுக்கு 18 கிலோ சொச்சம். கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினாலும் ரூ. 730. தோட்டத்தில் பறித்தால் அதுவும் இல்லை. செம்பருத்தி இலை, பூ, அகத்தி, முருங்கை, புல், மூக்கிரட்டை, காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் கல்யாண முருங்கையின் இலை, இவற்றையெல்லாம் மாற்றி மாற்றிப் போடலாம். பாலக், பசலை போன்ற கீரைகளை அளவோடுதான் கொடுக்க வேண்டும். அவற்றிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓடு முழுக்க எலும்பான பிராணிக்குச் சுண்ணச்சத்தில் கை வைத்தால் என்ன மிஞ்சும்? தக்காளி, வாழைப்பழம், ஏர்க்காட்டு ஆரஞ்சு எல்லாம் பிள்ளைகள் ஆசையாக ஊட்டுவது. நட்சத்திர ஆமைக்கு அவை பேதி மருந்து.

மலையில் தழை இலவசம் என்பதிலும் ஒரு சிக்கல். சேர்வராயன் மலையில் எங்கு திரும்பினாலும் உண்ணிச்செடி. மாடு தின்றாலே ஈரலைக் கெடுக்கும் செடி அது, ஆமைக்கும் ஆகாது. காப்பிச் செடிக்கு அடியிலுள்ள புல் பார்ப்பதற்குப் பசேல் என்று இருக்கும். ஆனால் இலைத் துரு நோய்க்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை மேலே தெளித்திருப்பார்கள். வழிந்த தாமிரம் கீழேயுள்ள புல்லில் இருக்கும். எந்தத் தோட்டத்தில் எப்போது மருந்தடித்தார்கள் என்று தெரியாமல் அறுக்கும் புல் இலவசமாக வந்தாலும் ஆமைக்குப் போடக் கூடாதது.

தண்ணீர்க் கணக்கு சின்னது. வாரம் மூன்று முறை வெதுவெதுப்பான நீரில், அடி ஓடு மட்டும் மூழ்கும் அளவுக்கு, இருபது நிமிஷம் வைக்க வேண்டும். அப்போதுதான் அது வயிறு நிறையக் குடிக்கும், கழிவை வெளியேற்றும். தடவைக்கு 2 லிட்டர், ஆண்டுக்கு 312 லிட்டர். மலைத் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 32-க்கு ஏற்ற ஆண்டு முழுக்க 5 யூனிட், ரூ. 25. சுண்ணச்சத்துக்கு நாட்டு மருந்துக் கடைக் கடல்நுரை, ரூ. 100. தரைக்குப் போட தென்னைநார்த் துகள் கட்டி நான்கு, ரூ. 600.

புற ஊதா விளக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஜன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயிலில் சூடு வரும், ஆமைக்கு வேண்டிய புற ஊதா பி கதிர் வராது. அது இல்லாமல் தோலில் வைட்டமின் டி ஊறாது. கடல்நுரையை எவ்வளவு தூவினாலும் எலும்பில் ஏறாது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டுக்குள் அதிலிருந்து வரும் அந்தக் கதிர் குறைந்துவிடும் என்பதால், கண்ணுக்கு நன்றாக இருக்கும் குழலைக் கழற்றி எறிந்து புதிதாக மாட்ட வேண்டும். ஆண்டுக்கு ரூ. 1,500. சாதாரண பல்புகளுக்கு இன்னொரு 300. தங்கை இதைக் கேட்டுவிட்டு, “எரியிற லைட்டையா கழட்டணும்?” என்றாள். கணக்கில் அவளுக்கு வலித்த ஒரே வரி அதுதான்.

மருத்துவம். நாய்க்கும் மாட்டுக்கும் எந்த ஊரிலும் டாக்டர் உண்டு. ஆமையின் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்க்கிற வசதிக்கு, நமக்குப் பக்கத்தில் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. ஏர்க்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டர், அங்கிருந்து நாமக்கல் 55. போக வர 170. ஆண்டுக்கு இரண்டு முறை, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில், பெட்ரோல் 100 ரூபாய் என்ற கணக்கில் ரூ. 2,270. சாணப் பரிசோதனை, படம், மருந்துக்கு ரூ. 1,500 ஒதுக்கினேன்.

நோட்டில் பக்கம் திருப்பிக் கூட்டியது இது. விலைகள் நான் கணக்குக்காக வைத்தவை. ஊருக்கு ஊர் முன்னே பின்னே இருக்கும்.

மின்சாரம் ரூ. 2,500
புற ஊதாக் குழல் ரூ. 1,500
பல்புகள் ரூ. 300
தீனி ரூ. 730
கடல்நுரை ரூ. 100
வெந்நீர் ரூ. 25
தென்னைநார் ரூ. 600
நாமக்கல் பயணம் ரூ. 2,270
மருத்துவம் ரூ. 1,500
ஆண்டு மொத்தம் ரூ. 9,525

இதில் பையன் முதலில் நினைத்த ஒரே செலவான தீனி, நூறு ரூபாயில் எட்டு ரூபாய்கூட இல்லை. வெயிலுக்குப் பதிலாக நாம் வாங்கும் சூடும் வெளிச்சமும் மட்டும் ரூ. 4,325, நூற்றுக்கு 45. ஆமை வளர்ப்பது என்றால் கீரை போடுவது என்று நினைக்கிறோம். மலையில் அது சமவெளியை வாடகைக்கு எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கும் வேலை.

அந்தப் பெட்டியும் கணக்கில் வர வேண்டும். பிளாஸ்டிக் டப் போதாது. ஒரு ஆமை நடந்து திரிய எட்டடிக்கு நாலடியாவது வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்வது. மரப்பெட்டி 8,000, தெர்மோஸ்டாட் 2,000, வயர், ஹோல்டர் வகையறா 1,500, வெப்பமானி இரண்டு 700. ஆக முதலீடு ரூ. 12,200. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் பேரேட்டின் விசித்திரம் தொடங்குகிறது. மாட்டுக்கு, நாய்க்கு, ஸ்கூட்டருக்கு எல்லாம் ஒரு முடிவுத் தேதி தெரியும். நன்றாகக் கவனித்த ஆமைக்கு 50 ஆண்டு என்று வைப்பது பேராசை இல்லை. 9,525-ஐ ஐம்பதால் பெருக்கினால் ரூ. 4,76,250, பெட்டி ஐந்து முறை, ரூ. 61,000, ஆக இன்றைய விலையில் ரூ. 5,37,250. விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால், ஐம்பது ஆண்டு கழித்து ஓர் ஆண்டின் செலவு மட்டும் ரூ. 1,09,000-ஐத் தாண்டும். அப்போது பையனுக்கு வயது 63. என் பெயர் இந்த நோட்டில் இருக்கும், நான் இருக்க மாட்டேன்.

கல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் அத்வைதா என்ற அல்டாப்ரா ராட்சத ஆமை இருந்தது. 1870-களின் நடுவில் அங்கே வந்து 2006 மார்ச்சில் இறந்தது. அதற்கு 250 வயது என்று சொல்பவர்கள் உண்டு, அதை விட்டுவிடலாம். பூங்காவில் மட்டும் 130 ஆண்டு. விக்டோரியா காலத்தில் தொடங்கிய தீனிச் செலவை மன்மோகன் சிங் காலத்தில் முடித்தார்கள். செயின்ட் ஹெலினா தீவிலுள்ள ஜொனாதன் 1832 வாக்கில் பிறந்ததாகக் கணக்கு. 2022-இல் அதற்கு 190-ஆவது பிறந்தநாள் கொண்டாடினார்கள். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த காப்பி, இந்த மலையில் வேர் பிடித்துக்கொண்டிருந்த நாளில் அது குஞ்சு. நட்சத்திர ஆமைக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது; ஆனாலும் உயிலில் எழுத வேண்டிய பிராணி.

இவ்வளவையும் எழுதி முடித்து, ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். “எல்லாம் சரி மாமா, பத்து ரூபா பத்து ரூபாயா சேத்துக்கலாம்” என்று அவன் சொன்ன பிறகுதான் பழமொழியின் இரண்டாம் பாதியை எடுத்தேன். அமீனா.

நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். வாங்கினாலும், யாராவது பரிசாகக் கொடுத்தாலும், காட்டோரம் கண்டெடுத்து அன்பாக வளர்த்தாலும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது, புலியும் யானையும் இருக்கும் முதலாம் அட்டவணைக்கு ஏற்றினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறை. முதலாம் அட்டவணை உயிரினம் சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 7 ஆண்டு சிறை; அபராதம் ரூ. 25,000-க்குக் குறையாது. உலக வணிகத்திலும் 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) மாநாடு, இந்தியாவும் இலங்கையும் வங்கதேசமும் செனகலும் கேட்டுக்கொண்டபடி, அதை இரண்டாம் பட்டியலிலிருந்து முதல் பட்டியலுக்கு மாற்றிவிட்டது.

இதையும் கணக்காக்கினேன். மூன்றாண்டு என்றால் 1,095 நாள். நாள் கூலி 600 என்றால் இழப்பு ரூ. 6,57,000. அபராதத்தோடு ரூ. 6,82,000. ஐம்பது ஆண்டு ஒழுங்காக வளர்க்கும் செலவைவிட, மாட்டிக்கொண்டால் ஆகும் மிகக் குறைந்த செலவு ரூ. 1,44,750 அதிகம். வக்கீல் ஃபீஸ் சேர்க்காமல்.

இவ்வளவு கடுமை எதற்கு என்றால் அதற்கும் எண் இருக்கிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிபட்டுப் போவதாகக் கணித்தது. நாளுக்கு 150. வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு, இந்தியாவில் 2009 செப்டம்பர் முதல் 2019 செப்டம்பர் வரையிலான பத்தாண்டில், கடத்தலில் சிக்கிய ஆமைகள் எல்லா வகையும் சேர்த்து 1,11,310-க்குக் குறையாது என்றது. ஆண்டுக்கு 11,000 சொச்சம், அதில் ஏறத்தாழ பாதி நட்சத்திர ஆமை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மையத்தில் ஓர் ஆண்டு பிடித்தது 55,000. நாடு முழுக்க எல்லா வகையிலும் ஓர் ஆண்டு சிக்கியது 11,000. ஐந்தில் ஒன்று. சிக்காதவை எங்கே போயின? 2019 மார்ச்சில் மணிலா விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் 1,529 ஆமைகள் இருந்தன. கால் அசையாமல் ஒட்டுநாடா சுற்றியிருந்தார்கள். நட்சத்திர ஆமைகளும் அதில் இருந்தன. திரும்பி வருவதும் உண்டு. 2018 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகள் விமானம் ஏறிப் பெங்களூருக்கு வந்தன. 55,000-க்கு எதிரே 51 என்று வரவு வைத்துக்கொள்ளலாம்.

பிடிபட்ட ஆமையைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டால் தீர்ந்தது என்பதும் இல்லை. எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரியாது; பெட்டியில் நெருக்கிக் கிடந்ததில் வந்த நோய் காட்டு ஆமைகளுக்கும் தொற்றும். அதனால் மீட்ட பிறகும் பல ஆமைகள் பூங்காக்களிலும் மீட்பு மையங்களிலும் தங்கிவிடுகின்றன. நாம் கூட்டிய ரூ. 9,525-ல் ஒரு பங்கு, ஆமைக்கு இத்தனை என்று, யாரோ அங்கே செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

“அப்ப சட்டம் விடுற ஆமை எது?” பையன் விடுகிற மாதிரி இல்லை.

இருக்கிறது. கடைகளில் விற்பது ஆப்பிரிக்காவின் சுல்கட்டா. சகாராவின் தெற்கு விளிம்பில் வளை தோண்டி வாழும் பிராணி. உலகிலுள்ள நில ஆமைகளில் கலாபகஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்த பெரிய இனம். நம் நாட்டு இனம் இல்லாததால் வைத்திருக்கத் தடை இல்லை. ஆனால் சைட்டீஸ் பட்டியலில் இருப்பதால், 2022 திருத்தத்தின்படியும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படியும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். சேலத்துக் கடை ஒன்றில் விசாரித்தேன். குஞ்சுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சொன்னார். காகிதம் கேட்டேன். “ஆமைக்கு எதுக்குங்க காகிதம்” என்றார்.

குஞ்சாக இருக்கும்போது சுல்கட்டா உள்ளங்கையில் அடங்கும், 40 கிராம் அளவு. வளர்ந்தால் 40 கிலோ சாதாரணம். ஆண்களில் அதற்கு மேலும் உண்டு. ஆயிரம் மடங்கு. ஒரு சிமெண்டு மூட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதுவும் நடந்து போய் வேலியை முட்டும் மூட்டை. தீனி மட்டும் அந்த அளவுக்கு ஏறாது: முக்கால் அடுக்குச் சூத்திரப்படி, ஒரு கிலோ நட்சத்திர ஆமையைப் போல எடை நாற்பது மடங்கானால் பசி 16 மடங்குதான். நாளுக்கு 800 கிராம் புல், ஆண்டுக்கு 292 கிலோ. புல்லறுக்கும் மலையில் இது ஒரு பெரிய செலவில்லை. குளிர்தான் மறுபடியும். இவ்வளவு பெரிய உடம்பை மரப்பெட்டியில் வைக்க முடியாது, பத்துக்குப் பத்தில் தனிக் கொட்டகை, 250 வாட் சூட்டுத் தகடு, 12 மணி நேரத்தில் பாதி, 300 இரவு: இரவுக்கு மட்டும் 450 யூனிட். மழைக் காலத்தில் கொட்டகைக் கூரை ஒழுகினால் அந்தப் பாலைவனப் பிராணிக்கு அன்றே மூக்கு ஒழுகும். வண்டியில் ஏற்றி 20 வளைவு இறக்கி நாமக்கல் கொண்டுபோக இரண்டு ஆள்.

பெரிய ஆமைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 நவம்பரில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலுள்ள சென்னை முதலைப் பண்ணையிலிருந்து ஓர் அல்டாப்ரா ஆமை திருட்டுப் போனது. மதிப்பு 10 லட்சம் என்று செய்தி வந்தது. மெதுவாக நடக்கும் சொத்தை எடுத்துப் போவதும் எளிது.

மீன் கடைத் தொட்டியில் இருக்கும் சிவப்புக் காது ஆமைக் குஞ்சுகளைப் பற்றியும் கேட்டான். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சையாக இருக்கும். அது நில ஆமையே இல்லை, அமெரிக்க நீர் ஆமை. கால் மீட்டர் நீளத்துக்கு வளரும், இருபது முப்பது வருஷம் இருக்கும். சால்மோனெல்லா பயத்தால் அமெரிக்காவிலேயே 1975 முதல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சை விற்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இறக்குமதியை நிறுத்தியது. உலகின் மிக மோசமான 100 படையெடுப்பு உயிரினங்களின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. தொட்டி சிறுத்ததும் ஜனங்கள் ஏரியில் விட்டுவிடுவதால் வந்த பெயர் அது. கேரளத்தில் திருச்சூர் வாய்க்காலிலேயே கிடைத்திருக்கிறது. தங்கை வீட்டிலிருந்து ஏர்க்காடு ஏரி நடந்து போகிற தூரம். அதனால் அந்த வரியை நோட்டில் எழுதவே விடவில்லை.

தை கடைசியில் மறுபடி போனேன். அறுபது இரவுக் கணக்கைத் தப்பாமல் எழுதி வைத்திருந்தான். இரண்டு நாள் மட்டும் பேட்டரி தீர்ந்துபோய் வெற்றுக் கட்டம். மிச்சம் 58 இரவில் 20 டிகிரியைத் தொட்டது ஒன்றுகூட இல்லை. பக்கத்திலேயே மழை பெய்த நாள், மூடுபனி வந்த நாள், பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்த நாள் என்று தனித்தனிக் கட்டம் போட்டிருந்தான். நான் சொல்லிக் கொடுக்காதது அது.

நட்சத்திர ஆமை என்ற தலைப்பை அடித்துவிட்டிருந்தான். மலை அடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு ஒரு ஞாயிறு கூட்டிப்போகச் சொல்லி, பஸ் டிக்கெட், நுழைவுச் சீட்டு, பஜ்ஜி என்று புதுப் பக்கத்தில் மூன்று வரி. அம்மாயியும் வருவதாக அவள் டிக்கெட்டையும் சேர்த்திருந்தான்.

பழைய பக்கத்தில், ஆமைக்காக இதுவரை உண்மையில் செலவான ஒரே தொகையாக வெப்பமானி ரூ. 350 இருந்தது. அதற்கு எதிரே ‘யார் கணக்கு?’ என்று பென்சிலால் எழுதி, வட்டம் போட்டு, நோட்டை என்னிடம் நீட்டினான்.